'பவர்ஸ் ஆஃப் டென்' படமும் 'நீளம்' என்ற சொல்லும்

ஒன்பது நிமிடப் படம்தான். உங்களில் பலர் வகுப்பில் ஒருமுறையாவது போட்டுக் காட்டியிருப்பீர்கள். சிகாகோவில் ஓர் ஏரிக்கரைப் பூங்கா. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் விரிப்பு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் அவர் படுத்துத் தூங்கிவிடுகிறார். நேர்மேலிருந்து, ஒரு மீட்டர் அகலமுள்ள சதுரத்துக்குள் அவரைப் பார்க்கிறோம். அப்புறம் பத்து விநாடிக்கு ஒருமுறை காட்சி பத்து மடங்கு விரிகிறது. பூங்கா, நகரம், ஏரி, பூமி, சூரியக் குடும்பம், பால்வீதி என்று போய், 10 கோடி ஒளியாண்டு அகலமான இருட்டில் நிற்கிறது. அங்கிருந்து விறுவிறுவென்று திரும்பி, தூங்குகிறவரின் கைக்குள் நுழைந்து, தோல், வெள்ளை அணு, மரபணு இழை, கரிம அணு என்று இறங்கி ஒரு புரோட்டானில் முடிகிறது.

சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஐபிஎம் நிறுவனத்துக்காக 1977இல் எடுத்த படம். பேசுபவர் இயற்பியலாளர் ஃபிலிப் மோரிசன். இசை எல்மர் பெர்ன்ஸ்டைன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பத்தின் அடுக்குகள் என்றால் என்ன என்பதை இவ்வளவு சுலபமாக உடம்பில் உணர வைத்த வேறொன்றை நான் பார்த்ததில்லை.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வாய்மொழித் தேர்வில் காணொளி வந்ததிலிருந்து நாம் எல்லாரும் நல்ல காணொளி தேடி அலைகிறோம். நான் இதன் ஒலியை நிறுத்திவிட்டு, என் சொந்தத் தமிழ் வருணனையைப் படித்துக்காட்டுவேன். பிறகு பேசுவார்கள், கட்டுரை எழுதுவார்கள். சில ஆண்டுகள் அப்படியே ஓடியது. என் வருணனையில் எல்லாமே 'நீளம்'. பத்து மீட்டர் நீளம், நூறு மீட்டர் நீளம், ஒரு கோடி மீட்டர் நீளம். தயாரித்தபோது அதில் ஒரு சந்தேகமும் எனக்கு வரவில்லை.

ஒருமுறை உயர்நிலை மூன்று வகுப்பில், ஏரிக்கரை வரும் இடத்தில் படத்தை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "டீச்சர், கிட்டப் போகப் போக அந்தக் கரை நீளமாயிட்டே வருது" என்றான்.

"பெருசா தெரியுது, அவ்ளோதான்ப்பா. நீளம் மாறாது" என்று சொல்லி அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். அவன் விடவில்லை. கட்டுரையிலும் எழுதினான்: தூரத்திலிருந்து பார்த்தால் கரை ஒரு நீளம், கிட்டப் போனால் இன்னொரு நீளம் என்று. சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு 'கருத்துப் பிழை' என்று எழுதி, கருத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். மற்றவர்கள் எழுதியது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கட்டுரை: பிரபஞ்சம் எவ்வளவு பெரியது, மனிதன் எவ்வளவு சிறியவன். அவற்றுக்கு நல்ல மதிப்பெண் போட்டேன்.

பிழை என்னுடையது. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்று ஒரு பிரிட்டிஷ் வானிலை அறிஞர். போரை வெறுத்தவர். இரண்டு நாடுகளுக்கு இடையே போர் வருவதற்கும் அவற்றின் பொது எல்லையின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புறப்பட்டு, எல்லை நீளங்களைத் திரட்டினார். திரட்டியதும் தலைசுற்றியது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே இருப்பது ஒரே எல்லைதான். ஒரு கணக்கில் அது 987 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 1,214. யாரும் பொய் சொல்லவில்லை. பெரிய அடி வைத்து அளந்தால் சின்னச் சின்ன வளைவுகள் விட்டுப்போகும். சிறிய அடி வைத்தால் அவையும் கணக்கில் சேரும். அடி சிறிதாகச் சிறிதாக நீளம் ஏறிக்கொண்டே போகும். அவர் 1953இல் இறந்தார். கட்டுரை 1961இல்தான் வெளிவந்தது. 1967இல் பெனுவா மாண்டல்பிராட், பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்பதையே தலைப்புக் கேள்வியாக வைத்து 'சயின்ஸ்' இதழில் எழுதியபோதுதான் உலகம் கவனித்தது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். கரை பெரும்பாலும் சீராக ஓடும். மீட்டர்க் கோலால் அளந்தாலும் நூறு மீட்டர்க் கயிற்றால் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சுங்கை பூலோவின் சதுப்புநிலக் கரையை அதே மாதிரி அளந்து பாருங்கள். ஒவ்வோர் ஓடையும் ஒவ்வொரு வேரும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நடப்பவர் யார், அவருடைய காலடி எவ்வளவு என்று சொல்லாமல் அந்தக் கரைக்கு நீளமே சொல்ல முடியாது. என் மாணவன் கண்ணால் கண்டதைச் சொன்னான். நான் 'நீளம் மாறாது' என்ற மனப்பாடத்தை வைத்துத் திருத்தினேன்.

இதற்குப் பிறகு படத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது இது: படம் நீளத்தைக் காட்டுவதே இல்லை. அது காட்டுவது சட்டத்தின் அகலம். மோரிசன் சொல்வதும் அகலம்தான். 'நீளம்' என்று மாற்றியது நான். ஆனால் படத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலக் காட்சியை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம். பத்து மீட்டர் அகலத்தைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து. கடைசிவரை இப்படித்தான். காட்சியின் அகலம் ஒன்று, கேமராவின் தொலைவு இன்னொன்று. இரண்டுக்கும் எப்போதும் ஒரே எண். பார்ப்பவர் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஓவியர் மூளையில் உதித்த அழகான ஏற்பாடு. அதனால்தான் 'எது எவ்வளவு நீளம்' என்ற கேள்வி படத்தில் எழவே எழாது.

அந்தக் கேள்வி எழவேண்டிய இடத்தில் படம் அவசரமாகக் கடந்துபோகிறது. கைக்குள் இறங்கும் பயணத்தில் வெள்ளை அணுவின் உட்கரு வருகிறது. அதற்குள் மரபணு இழை. நம் உடம்பின் ஓர் அணுவில் இருக்கும் இழைகள் 46. எல்லாவற்றையும் பிரித்து நீட்டி, முனையோடு முனை வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவை சுருண்டு கிடக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது, படம் தொடங்கிய அந்த ஒரு மீட்டர்ச் சட்டத்தில் அடங்காத ஒன்றைத்தான் ஐந்து படி கீழே ஒரு புள்ளிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! படத்தின் ஏணியில் மரபணு இழைக்கு ஒரே ஒரு படிதான், அதுவும் அதன் தடிமனுக்கு உரிய படி. நீளத்துக்கு இடமில்லை.

மரபியல் ஆய்வாளர்களிடம் கேட்டால் அவர்கள் மீட்டரையே எடுக்க மாட்டார்கள். ஒரு தொகுதியின் நீளம் சுமார் 300 கோடி இணைகள் என்பார்கள். எண்ணிக்கைதான் அங்கே நீளம். ஒரு கட்டுரை எவ்வளவு நீளம் என்று கேட்டால் நாம் 'இரண்டரை அடி' என்றா சொல்கிறோம்? 'இருநூறு சொல்' என்கிறோம் இல்லையா, அதே போலத்தான்.

மேலே போகும் பாதிக்கு வருவோம். எனக்கு இங்கே உள்ள குறை வேறு. இத்தனை தொலைவுகளை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்ற பேச்சே படத்தில் இல்லை. கேமரா போகிறது, எண் ஏறுகிறது. அளவுகோல் பிடித்த கை ஒன்றுகூடக் கண்ணில் படாது.

உண்மையில் கோல் வைத்து அளந்த தூரம் ரொம்பக் கொஞ்சம். 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் நில அளவையைச் சென்னைக்கு அருகே பரங்கிமலையில் தொடங்கினார். எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு கோட்டை அளந்தார்கள். வெயில் பட்டால் சங்கிலியே நீண்டுவிடும் என்று அதை நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே அளந்தார்கள். அளப்பதற்கு எடுத்த நீளமே மாறிக்கொண்டிருந்தது, பாருங்கள். அந்தக் கோடு கையில் கிடைத்த பிறகு மற்றவை பெரும்பாலும் கோணங்கள்தான். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மிச்சப் பக்கங்களைக் கணக்கே கொடுத்துவிடும்.

நட்சத்திரத்துக்கும் அதே முக்கோணம்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை வலக்கண்ணால் ஒருமுறை, இடக்கண்ணால் ஒருமுறை பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். பூமி சூரியனின் ஒரு பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து மறுபக்கம் போனதும் ஒருமுறை பார்த்தால், இரண்டு 'கண்ணுக்கும்' இடையே சுமார் 30 கோடி கிலோமீட்டர் இருக்கும். ஃபிரீட்ரிக் பெஸ்ஸல் 1838இல் இப்படித்தான் ஒரு நட்சத்திரத்தின் தொலைவை அறிவித்தார். சுமார் 11 ஒளியாண்டு தள்ளி இருக்கும் அது. அவர் பிடித்த கோணம் ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கின் மூன்றில் ஒன்று அளவு. கட்டைவிரல் சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள், உள்ளபடியே பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

இன்னும் தொலைவுக்குப் போனால் கோணமும் கை கொடுக்காது. ஹார்வர்ட் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த ஹென்ரியெட்டா லீவிட், சில நட்சத்திரங்கள் ஒழுங்காகப் பிரகாசித்து மங்குவதைக் கவனித்தார். மெதுவாகத் துடிக்கும் நட்சத்திரம் உண்மையில் அதிக வெளிச்சம் உள்ளது என்ற உறவை 1912இல் வெளியிட்டார். ஒரு விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்லலாமே, அந்தக் கணக்கு. நாள்களை எண்ணித் தொலைவு கண்டுபிடிக்கிறார்கள்! 1952இல் வால்டர் பாடே, துடிக்கும் நட்சத்திரங்களில் இரண்டு வகை இருக்கின்றன, இதுவரை அவற்றைக் குழப்பிக்கொண்டோம் என்று காட்டினார். ஆண்ட்ரோமீடாவின் தொலைவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆண்ட்ரோமீடா இருந்த இடத்தில்தான் இருந்தது. மாறியது விளக்கைப் பற்றிய நம் அறிவு.

படத்தின் மேல்படிகள் எல்லாம் இப்படிப்பட்ட கணக்குகளின்மீது நிற்பவை. ஆனால் விரிப்பின்மேல் முதல் காட்சி ஒரு மீட்டர் அகலம் என்று சொல்லும் அதே குரலில், அதே பத்து விநாடித் தாளத்தில் 10 கோடி ஒளியாண்டும் சொல்லப்படுகிறது. விரிப்பை நாளைக்குக் கோல் வைத்துச் சரிபார்க்கலாம். மற்றதை? ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடைசியில் புரோட்டானை நெருங்கும்போது, இதற்கு மேல் நமக்குத் தெரியாது என்ற பொருளில் மோரிசனே சொல்கிறார். அவர் சொன்னது நியாயம்தான். 2010இல் சுவிட்சர்லாந்தில் ஒரு குழு, எலக்ட்ரானுக்குப் பதில் மியூவானைச் சுற்றவிட்டுப் புரோட்டானின் ஆரத்தை அளந்தபோது, அதுவரை ஏற்றிருந்த அளவைவிடச் சுமார் 4 விழுக்காடு குறைவாக வந்தது. பல ஆண்டுகள் அந்தச் சண்டை நடந்தது.

அப்புறம் நேரம். 10 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 1 கோடி கிலோமீட்டருக்குக் கேமரா பத்து விநாடியில் பின்வாங்குகிறது. அந்தப் பத்து விநாடியில் ஒளியே சுமார் 30 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அங்கேயே கேமரா ஒளியை முந்திவிட்டது. அதற்கு மேல் சொல்லவே வேண்டாம். கதைக்காகச் செய்தது, தப்பில்லை. ஆனால் கடைசிக் காட்சியின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒளி போக 10 கோடி ஆண்டு ஆகும் என்பதைப் படம் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடுகிறது. முழுப் பிரபஞ்சத்துக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடும். அதன் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. ஆனால் நாம் காணக்கூடிய எல்லை இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் என்கிறார்கள். ஒளி வந்துகொண்டிருந்தபோதே வழி நீண்டுவிட்டது. அந்தத் துறையில் 'தூரம்' என்றாலே எந்தத் தூரம் என்று திருப்பிக் கேட்பார்கள்.

'ஒளியாண்டு' என்றதும் நம் மாணவர்கள் காலம் என்று எழுதிவிடுகிறார்கள், நாம் அடித்துத் திருத்துகிறோம். திருத்தவேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் பொறுமையாகத் திருத்தலாம். "ஜூரோங்லேர்ந்து தெம்பனிஸ் எவ்ளோ தூரம்?" என்றால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? "ஒரு மணி நேரம் ஆகும்." 1983இலிருந்து மீட்டரும் அப்படித்தான்: ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமே ஒரு மீட்டர். பாரிஸில் பத்திரமாக வைத்திருந்த உலோகக் கோல் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. நமக்கு இதில் வியப்பே இருக்கக்கூடாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று சொல்லித்தருகிறோமே, அந்த மாத்திரை என்ன? கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்தது. 'நெடில்' என்று பெயரில் நீளத்தை வைத்து, காலத்தால் அளந்தவர்கள் நாம்.

ஈம்ஸ் தம்பதியர் இந்த யோசனையை எடுத்தது டச்சு ஆசிரியர் கேஸ் பூக்கே எழுதிய ஒரு படநூலிலிருந்து, 1957இல் வந்தது. தன் பள்ளி முன்னால், மடியில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியிலிருந்து தொடங்கும். மொத்தம் நாற்பது தாவல். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தப் புத்தகத்தின் பக்கமே மனம் போகிறது. புத்தகத்தில் பிள்ளை ஒரு பக்கத்தில் நின்று, 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். படம் நிற்காது. அந்த நிற்காத வேகம்தான் அதன் அழகு, அதுவேதான் வகுப்பில் அதன் தொல்லையும்.

இப்போதும் படத்தைப் போடுகிறேன். ஆனால் பழைய வருணனையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சட்டத்துக்கு 'அகலம்'. கேமராவுக்கு 'தொலைவு'. இழைக்கு 'தடிமன்' ஓரிடத்தில், 'நீளம்' ஓரிடத்தில். உருண்டைக்கு 'விட்டம்'. இத்தனை சொல் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே 'நீள'த்தில் திணித்தது என் சோம்பல். ஏரிக்கரையில் படத்தை நிறுத்துவேன். ஒரு வரைபடமும், இரண்டு வெவ்வேறு நீளத்தில் வெட்டிய காகிதக் கீற்றும் குழுவுக்குக் கொடுப்பேன். எண்கள் வேறுவேறாக வந்ததும் முதலில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வார்கள்: "நீ சரியா வைக்கல!" அதற்கப்புறம் நடக்கும் பேச்சுதான் எனக்கு வேண்டிய வாய்மொழிப் பயிற்சி. கட்டுரைத் தலைப்பையும் மாற்றிவிட்டேன்: 'படத்தில் வரும் ஏதாவது ஓர் அளவை எடுத்துக்கொள். அதை யார், எப்படி அளந்திருக்கக்கூடும்?'

அந்த மாணவன் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டான். கட்டுரை நகல் என் கோப்பில் இருந்தது. குறைத்த மதிப்பெண்ணை அதில் சேர்த்து, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். பார்த்தால் கொடுக்கவேண்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை. படம் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் தாண்டும் அந்தப் பெரிய படிக்கு, இத்தனை மடங்கு உலகம் என்று காட்டும் அந்த நிலைக்கு, 'அளவு' என்றால் போதவில்லை. 'அளவுநிலை' என்று வைத்துப் பார்த்தேன், பிள்ளைகள் வாயில் ஒட்டவில்லை. இப்போதைக்கு 'படி' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வகுப்பில் வேறு ஏதாவது எடுபட்டிருந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.